மைக்கேல் பிரெக்கரின் மூச்சு

நேற்று இரவு முழுக்க மைக்கேல் பிரெக்கரின் டெனார் சாக்ஸபோன்தான். 1949இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். டிரம்பெட் வாசிக்கும் அண்ணன் ராண்டியோடு சேர்ந்து ஜாஸ், ராக், ஃபங்க் எல்லாவற்றையும் ஒரே மேடையில் கலந்தார்.

பால் சைமன், ஜேம்ஸ் டெய்லர் பாடல்களில் கொஞ்ச நேரம்தான் வருவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவேன். இத்தனை பேருக்கு வாசித்தவர், தன் பெயரில் முதல் ஆல்பம் வெளியிட்டது 1987இல்தான்!

அப்புறம் எலும்பு மஜ்ஜை நோய். உடல் தளர்ந்த நிலையிலும் 2006 ஆகஸ்டில் ஹெர்பி ஹான்காக், பாட் மெத்தினி போன்ற நண்பர்களோடு ஸ்டூடியோவுக்குப் போய்க் கடைசி ஆல்பத்தை வாசித்து முடித்தார். 2007 ஜனவரியில் இறந்துவிட்டார்.

அந்த ஆல்பத்தில் எங்குமே ஒரு நோயாளியின் மூச்சு கேட்கவில்லை. எப்படித்தான் ஊதினாரோ!