பெண்ணையாற்றங்கரையில் ஃபெஞ்சல் நாட்கள்

29 நவம்பர் 2024, வெள்ளி, கடலூர்
புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், பிற்பகலில் ஆகியே விட்டது. பெயர் ஃபெஞ்சல். 2011இல் 'தானே' புயலைப் பார்த்த ஊர் என்பதால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடியில் கிடந்த தகரத்தையும் பூந்தொட்டிகளையும் இறக்கிவிட்டோம். தென்னையில் காய்ந்த மட்டைகளைக் கழித்தாயிற்று. கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டியும் குடங்களும் நிரம்பிவிட்டன.

30 நவம்பர், சனி
இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. காற்று 'தானே' புயல் அளவுக்கு இல்லை. அம்மா நன்றாகத் தூங்கினார்.

1 டிசம்பர், ஞாயிறு
கரை கடந்த புயல் நகராமல் அங்கேயே நின்று கொட்டுகிறது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. தெருவில் எல்லோரும் "காத்து போயிடுச்சு, இனி பயமில்லை" என்கிறார்கள். எனக்கு மனசெல்லாம் பெண்ணையாற்றின் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில். பெண்ணையாறு கர்நாடகத்தில் பிறந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக வருகிற ஆறு. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் கொட்டும் மழைக்கும் கடைசியில் கணக்குத் தீர்ப்பது நாம்தான். இங்கே வானம் வெளுத்திருப்பதை நம்பக் கூடாது.

பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் மாத்திரை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையில் வைத்தாயிற்று. கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நிறை சிலிண்டர்கூட மிதக்கும் என்றால் பலர் நம்புவதில்லை. எடை 30 கிலோவுக்குள், கொள்ளளவோ 33 லிட்டர். மிதக்காமல் என்ன செய்யும்?

2 டிசம்பர், திங்கள்
விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது: சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேட்டுப் பகுதியிலிருக்கும் சித்தி வீட்டுக்கு அம்மாவோடு கிளம்பினேன். பக்கத்து வீட்டு அண்ணன், "முழங்கால் அளவுதானே தம்பி, சாயங்காலம் பைக்கைத் தள்ளிக்கிட்டே வந்துடுறேன்" என்றார். முழங்கால் தண்ணீர் நின்றால் சரி, ஓடினால் ஆளையே சாய்த்துவிடும். சாக்கடை மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்பதும் தெரியாது. கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் கூட்டி வந்தேன். அப்புறம் புதுச்சேரி சாலையே ஆறாகிவிட்டது.

4 டிசம்பர், புதன்
தண்ணீர் வடிந்திருக்கிறது. கதவைத் திறந்ததும் கம்பால் தட்டிக்கொண்டேதான் உள்ளே போனோம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு. அது பாட்டுக்கு வெளியேறும்வரை வாசலில் நின்றோம். சிலிண்டர் சாய்ந்திருந்தாலும் கட்டு அவிழவில்லை. கீழ்த்தொட்டியை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியாகிறது. சுவிட்ச் பெட்டிக்குள் சேறு இருப்பதால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினைத் தொடுவதாக இல்லை. நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இந்தத் தெருவில் அவருக்கு இன்னும் பத்து வீடு பாக்கி.