சுனாமி பாடத்துக்கு மூன்று தேதிகள் போதும்: 2004, 2005, 2012

யுபிஎஸ்சி மெயின்ஸைத் (முதன்மைத் தேர்வை) தமிழில் எழுதப்போகிறவர்கள் புவித்தட்டுகள் பாடத்தை எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வெகனரிடமிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் என் பதில். அவர் அதைச் சொன்ன 1912, கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இருந்த பாஞ்சியா, ஹெஸ் சொன்ன கடல்தரை விரிவு எல்லாம் பிரிலிம்ஸுக்கு (முதல்நிலைத் தேர்வுக்கு) வேண்டும்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் நிலநடுக்கம் எப்படிச் சுனாமியாக மாறுகிறது என்று கேள்வி வந்தால் அந்த வரலாறு கைகொடுக்காது. எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது சுமத்ராவின் மேற்குப் பக்கக் கடலில் எட்டே ஆண்டுகளுக்குள் வந்த மூன்று நிலநடுக்கங்களை வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் குறித்து வைத்துப் பார்த்தபோதுதான்.

2004 டிசம்பர் 26, அளவு 9.1. 2005 மார்ச் 28, அளவு 8.6. 2012 ஏப்ரல் 11, மறுபடியும் 8.6. முதலாவது 14 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. இரண்டாவதில் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவில் கட்டடங்கள் விழுந்துதான் பெரும்பாலான சாவு, சுனாமி அந்த வட்டாரத்தோடு சரி. மூன்றாவதில் சென்னையில் ஆபீஸ்களைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் தெருவில் நின்றார்கள், எச்சரிக்கை வந்தது, சில மணி நேரத்தில் விலக்கிக்கொண்டார்கள். ஒரே கடல், மூன்று முடிவு. ஏன் என்று உங்களால் நோட்ஸ் பார்க்காமல் சொல்ல முடிந்தால் இந்தப் பாடத்தில் நீங்கள் படிக்க வேண்டியது அதிகம் மிச்சமில்லை.

அளவுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். அளவு ஒன்று கூடினால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு, அரை கூடினால் ஐந்தரை மடங்கு. ஆக 2004-க்கு அது ஓரளவு பதில். ஆனால் 2005-ம் 2012-ம் ஒரே அளவுதானே, அதை என்ன சொல்வீர்கள்? கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு தண்ணீர் மேலே தூக்கப்பட்டது?

இந்தியத் தட்டு சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரையில் ஓடும் சுண்டா அகழியில் பர்மா நுண்தட்டு என்ற சிறிய தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் பிரச்சினையே இல்லை. போவதில்லை, உராய்வில் இரண்டும் பூட்டிக்கொள்கின்றன. கீழே போகிற தட்டு மேலே உள்ளதன் விளிம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது, மேஜை ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலை அழுத்திப் பிடித்த மாதிரி. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த வளைவு 2004-ல் விடுபட்டபோது தட்டு சில இடங்களில் 15 மீட்டருக்கும் மேல் நழுவியது, கடல்தரை சில மீட்டர் உயர்ந்தது, அதற்கு மேலே நின்ற முழுத் தண்ணீரும் கூடவே எழுந்தது. காற்று கிளப்பும் அலையில் மேல்மட்டம் மட்டும்தான் அசையும். இதில் தரையிலிருந்து மேல்வரை மொத்த நீரும் அசைகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பதிலில் எழுதாமல் விடாதீர்கள்.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். இன்னொரு பாதி இருக்கிறது. அகழிப் பக்கம் விளிம்பு எழும்பும்போது அதற்குக் கிழக்கே உள்ள தரை தாழ்கிறது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்து அங்கிருந்த கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்தது இதனால்தான். கிழக்கே தாய்லாந்துக்கு அலையின் பள்ளம் முதலில் போனது, புக்கெட்டில் கடல் உள்வாங்கியதைப் பார்த்தார்கள். மேற்கே நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் மேடு முதலில் வந்தது. "கடல் உள்வாங்குவது சுனாமியின் அறிகுறி" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஒரு வரி எழுதினால் பதிலின் தரமே மாறிவிடும்.

அடுத்து கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எளிதுதான். சுனாமியின் வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. சொச்சம், 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ. முன்னால் போகிற நீர் வேகம் குறைய, பின்னால் வருவது நெருங்கி ஏற, உயரம் கூடுகிறது. சரி, சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 மீட்டர் ஆழம் என்று வைத்தால் மணிக்கு சுமார் 617 கி.மீ., மேல்மையத்திலிருந்து சென்னை 2,000 கி.மீ. சொச்சம், மூன்றேகால் மணி நேரம் ஆக வேண்டும். ஆனால் காலை ஆறரைக்கு நிலம் அதிர்ந்தது, ஒன்பது மணி வாக்கில் அலை வந்துவிட்டது. எங்கே இடிக்கிறது?

மேல்மையம் என்பது முறிவு தொடங்கிய இடம் மட்டுமே. 2004-ல் முறிவு அங்கிருந்து வடக்கே ஓடி அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கி.மீ. கிழிந்தது, அதற்குச் சில நிமிடங்களே பிடித்தன. கார் நிக்கோபார் பக்கத்திலிருந்து சென்னை சுமார் 1,400 கி.மீ.தான், கணக்கு இப்போது சரியாக வரும். அந்தக் கோடு தெற்கு வடக்காக ஓடியதால் அலையின் பலம் அதற்குச் செங்குத்தாக, கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. நாகப்பட்டினமும் இலங்கையின் கிழக்குக் கரையும் நேர் எதிரே இருந்தன. வடக்கே வங்கதேசம் அதிகம் அடிபடாமல் தப்பியதற்கும் இதுதான் முக்கியக் காரணம். தேர்வில் படம் போடும்போது ஒரு புள்ளியும் சுற்றி வட்டங்களுமாகப் போடாமல், நீளமான கோடு போட்டு இரு பக்கமும் அம்புக்குறி காட்டுங்கள்.

2005-ம் அமிழ்வு வகைதான், ஆனால் எழும்பிய பகுதியில் கணிசமான பங்கு தீவுகளுக்கும் ஆழமில்லாத கடலுக்கும் கீழே இருந்தது. மேலே தண்ணீர் இல்லாவிட்டால் எதைத் தூக்குவது? 2012-ல் கதையே வேறு. அது அகழியில் நடக்கவில்லை, அதற்கு மேற்கே கடல் தட்டின் உள்ளேயே, பழைய பிளவுகளில் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன. தரை மேலே கீழே போகவில்லை, பெரிய அலையும் எழவில்லை.

உடனே "பக்கவாட்டு நகர்வென்றால் சுனாமி வராது" என்று நோட்ஸில் எழுதிவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலுவில் 7.5 அளவில் பக்கவாட்டு நகர்வுதான், ஆனால் குறுகிய விரிகுடா, அதற்குள் நிலச்சரிவுகள், அலை ஊரை அடித்துவிட்டது. அதே டிசம்பரில் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து இன்னொரு சுனாமி. கேட்க வேண்டியது அதே கேள்விதான், தண்ணீரை எது தள்ளியது என்று.

பதில் எழுதும் விஷயம். 2017 யுபிஎஸ்சி பொதுப்பாடம் மூன்றாம் தாளில் 2004 சுனாமியைக் குறிப்பிட்டு காரணம், பாதிப்பு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2010 வழிகாட்டுதல் மூன்றையும் ஒரே கேள்வியில் கேட்டார்கள். பூகோளம் நன்றாகத் தெரிந்தவர்தான் இங்கே மாட்டுவார், காரணத்தையே ஒன்றரைப் பக்கம் எழுதிவிடுவார். காரணத்துக்கு ஒரு வெட்டுப் படம், நாலைந்து வரி, அவ்வளவுதான். மிச்ச இடத்தை ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம், அலையாத்திக் காடுகள், பயிற்சி ஒத்திகை என்று செலவழியுங்கள். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெயுலுவே தீவையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1907 சுனாமிக்குப் பிறகு தாத்தா பாட்டிகள் சொல்லி வந்த கதையை நம்பி, அதிர்ந்த உடனே மேட்டுக்கு ஓடியதால் அங்கே 2004-ல் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

இன்னொன்று, லாத்தூர் 1993, பூஜ் 2001 நிலநடுக்கங்கள் இரண்டும் தட்டின் எல்லையில் நடந்தவை அல்ல. எல்லையில் மட்டுமே நிலநடுக்கம் வரும் என்று எழுதினால் திருத்துபவர் சிவப்பு மையை எடுத்துவிடுவார், இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

படித்தது ஏறியிருக்கிறதா என்று பார்க்க 1945 நவம்பரில் பாகிஸ்தானின் மக்ரான் கடற்கரைப் பக்கம் வந்த நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 8.1, அரேபியத் தட்டு யூரேசியத் தட்டுக்கு அடியில் போகிற இடம், அகழி ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது, அலை மும்பை வரை வந்தது. அதன் பலத்தில் பெரும்பகுதி எந்தத் திசையில் போயிருக்கும், மும்பைக்கு எவ்வளவு நேரத்தில் வந்திருக்கும் என்று அட்லஸை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.