ஜெர்மனியில் வேட்டை உரிமமும் பொறுப்புக் காப்பீடும்: கவுண்டரில் நிற்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஜெர்மனியில் பொழுதுபோக்காகத் துப்பாக்கி எடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. சங்கத்தில் சேர்ந்து இலக்கைச் சுடுகிறவர்கள் ஒரு வகை, தேர்வு எழுதி வேட்டைக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. பொறுப்புக் காப்பீடு, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு கொடுக்கும் காப்பீடு, கட்டாயமா என்றால், சட்டம் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

வேட்டைக்காரருக்குக் கட்டாயம்தான். கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பொறுப்புக் காப்பீட்டுக்குச் சான்று காட்டாதவருக்கு ‘யாக்ட்ஷைன்’ எனப்படும் வேட்டை உரிமம் கிடைக்காது. உடற்காயத்துக்கு 5 லட்சம் யூரோ, பொருட்சேதத்துக்கு 50 ஆயிரம் யூரோ என்பது குறைந்தபட்ச வரம்பு. தேர்ச்சிச் சான்று, அடையாள அட்டை, புகைப்படம் இவற்றோடு காப்பீட்டு நிறுவனம் தரும் உறுதிச் சான்றையும் மாவட்ட வேட்டை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். பிரீமியம் கட்டிய ரசீது சான்றாகாது. நீங்கள் கேட்கும் உரிமக் காலம் முழுவதற்கும் காப்பீடு இருப்பதாக அந்தத் தாளில் இருக்க வேண்டும். மூன்றாண்டு உரிமம் கேட்டுவிட்டு ஓராண்டுச் சான்றை நீட்டினால் திரும்பி வர வேண்டியதுதான்.

தேதியையும் கவனியுங்கள். வேட்டை ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரியில் ஓராண்டு உரிமம் எடுத்தால் இரண்டே மாதத்தில் காலாவதி. அவசரம் இல்லாதவர்கள் ஏப்ரல் வரை பொறுத்து, காப்பீட்டையும் அதே தேதியில் தொடங்குவது நல்லது.

இலக்குச் சுடுபவருக்கு நிலைமை வேறு. துப்பாக்கி வைத்திருக்கும் அட்டைக்கு ஆயுதச் சட்டம் காப்பீடு கேட்பதில்லை. துப்பாக்கியை வெளியில் ஏந்திச் செல்லும் அனுமதிக்கும், சுடுதளத்துக்கு வெளியே சுடும் அனுமதிக்கும்தான் 10 லட்சம் யூரோ காப்பீடு கேட்கிறது. சுடுதளம் நடத்துபவருக்கும் அதே 10 லட்சம் பொறுப்புக் காப்பீடு உண்டு. அதோடு மரணத்துக்கு 10 ஆயிரம், ஊனத்துக்கு 1 லட்சம் யூரோ என விபத்துக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது தளத்தின் காப்பீடு. உங்கள் கை தவறினால் அது உங்களுக்காகவும் பேசுமா என்பதைச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும் சாதாரணத் தனிநபர் பொறுப்புக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். வழக்கமான வாசகம் இதுதான்: சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் அடங்கும், வேட்டைக்குப் பயன்படுத்துவது அடங்காது. ஆக, இலக்குச் சுடுபவருக்குக் கையிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கலாம். வேட்டைக்காரருக்குத் தனிப் பாலிசி இல்லாமல் முடியாது.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? சட்ட வரம்பை நம்பி நிற்காதீர்கள். சிவில் சட்டம் 823-ஆவது பிரிவின்கீழ் கவனக்குறைவால் வரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. கல்லிலோ உறைந்த தரையிலோ பட்டுத் தெறித்த குண்டு ஒருவரின் முதுகுத்தண்டைத் தாக்கினால், ஆயுள் முழுக்கப் பராமரிப்பும் வருமான இழப்பும் சேர்ந்து 5 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: விருந்தினராக வேட்டைக்கு வருபவருக்குச் சட்டபூர்வ விபத்துக் காப்பீடு இல்லை. அடிபட்டால் அவருடைய கோரிக்கை நேராகச் சுட்டவரிடம்தான் வரும். என் கணக்கில் 50 லட்சத்துக்குக் குறைந்து எடுப்பது வீண் சிக்கனம். வேட்டை நாய் இருந்தால் எத்தனை நாய் அடங்கும், வேட்டை இல்லாத நாளிலும் அடங்குமா, வெளிநாட்டு வேட்டைக்குப் பொருந்துமா என்பதையும் பாலிசியில் பாருங்கள்.

அசம்பாவிதம் நடந்தால் ஒரு வாரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கேயே தொகை பேசி முடிக்காதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட தொகை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. நியாயமற்ற கோரிக்கையை எதிர்த்து வாதாடுவதும் அவர்கள் வேலைதான். வேண்டுமென்றே செய்ததற்கு மட்டும் பணம் வராது.

பிரீமியம் தவறி வேட்டைப் பாலிசி முடிந்தால், நிறுவனம் வேட்டை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். அதிலிருந்து ஒரு மாதம் வரை பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு தொடரும். உங்கள் உரிமமோ பறிபோகும், அதை வைத்து வாங்கிய துப்பாக்கிகளும் கேள்விக்குள்ளாகும்.