சம்ப்புக்காக இடம் மாறிய தென்னையும் பாட்டில் பாமும்

திருவான்மியூர் வீட்டின் முன்புறத்தில் புதிய சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தோண்ட வேண்டியிருந்தது. அங்கே நின்ற ஆறு வயதுத் தென்னையையும், நர்சரிகளில் பாட்டில் பாம் என்று விற்கப்படும் ராயல் பாமையும் வெட்ட மனம் வராமல், இரண்டையும் கொல்லைப்புறத்துக்கு மாற்றுவதென்று முடிவு செய்தேன். மண் சூடாக இருக்கும்போதுதான் பனையினத்தின் வேர் விரைந்து ஓடும் என்பதாலும், ஐப்பசி மழைக்காற்றுக்கு முன் மரம் ஓரளவேனும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதாலும், கத்திரி வெயில் முடிந்தபின் ஜூன் மூன்றாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கடலோரம் என்பதால் எங்கள் மண் ஏறக்குறைய மணல்தான். காய்ந்திருக்கும்போது தோண்டினால் வேரோடு ஒரு பிடி மண்கூட நிற்காது. இரண்டு நாள் மாலையில் குழாயைத் திறந்துவிட்டு ஊறவைத்தும், தென்னையைத் தூக்கும்போது பாதி மண் உதிர்ந்துவிட்டது. எஞ்சியதை ஈரச் சாக்கால் சுற்றிக் கட்டினோம்.

மா, வேம்பு போலப் பனையினத்தின் வேர் ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. தண்டின் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரே பருமனில் புது வேர்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். அறுபட்ட வேர் என்னவாகும் என்பதோ மரத்துக்கு மரம் மாறும். தென்னையில் எவ்வளவு குட்டையாக அறுபட்டாலும் ஏறக்குறைய பாதி வேர்கள் மீண்டும் கிளைத்துவிடும். ராயல் பாமில் இரண்டு, மூன்று அடி நீளம் விட்டால்தான் பெரும்பாலானவை பிழைக்கும். இதைத் தெரிந்துவைத்திருந்தும் தவறினேன். மரம் மதிற்சுவரை ஒட்டி நின்றதால் ஒரு பக்கம் அரை அடிக்கு மேல் வேர் கிடைக்கவில்லை என்பது உண்மை. மறுபக்கம் ஒன்றரை அடியோடு நிறுத்தியது என் சோம்பல்.

சவுக்குக் கம்பு முக்காலியில் செயின் பிளாக் மாட்டி மரங்களைத் தூக்கினோம். கீழ்மட்டைகளில் பாதியைக் கழித்து, மற்றவற்றைக் குருத்தைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டியிருந்தேன். நடும்போதுதான் மேஸ்திரியோடு வாக்குவாதம். “ரெண்டடி ஆழமாப் புதைச்சா காத்துக்கு அசையாது சார், முட்டுக்கம்பை ஆணி அடிச்சிரலாம்” என்றார். பழைய மண்மட்டத்துக்கு மேல் புதைத்தால் வேர் மூச்சுத் திணறும்; பனையினத்தின் தண்டில் விழுந்த காயம் மற்ற மரங்களில் போல மூடிக்கொள்வதில்லை. ஆகவே பழைய மட்டத்திலேயே நிறுத்தி, தண்டில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் மரக்கட்டைகளைக் கயிற்றால் இறுக்கி, முட்டுக்கம்புகளைக் கட்டைகளில் மட்டும் அடிக்கச் சொன்னேன். அவருக்கு அதில் திருப்தியில்லை. காண்டாமிருக வண்டுக்கு அஞ்சித் தென்னையின் குருத்துப் பகுதி மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து இட்டேன்.

குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே உயரத்தில் பெயின்ட் கோடு போட்டு வைத்ததுதான் நான் செய்த வேலைகளில் மிகவும் உதவியது. குருத்து வளர்ந்தால் அதிலுள்ள கோடு மேலே நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தென்னையில் ஜூலை இறுதியிலேயே இரண்டு விரற்கடை இடைவெளி தெரிந்தது. ராயல் பாமிலோ ஆகஸ்ட் முழுவதும் அசைவில்லை; மட்டைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சாய, இரண்டு மட்டுமே மிஞ்சின. குருத்தை இழுத்துப் பார்க்கும் ஆசையை மிகவும் சிரமப்பட்டு அடக்கினேன். அழுகியிருந்தால் கையோடு வந்துவிடும், அழுகாவிட்டால் நானே கெடுத்துவிடுவேன். தினமும் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உரம் எதுவும் வைக்கவில்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அதன் கோடும் விலகியது. நவம்பரில் முதல் ஓலை விரிந்தது. பழைய ஓலையில் பாதி நீளம்கூட இல்லை. இப்போது ஜனவரி. தென்னையின் முட்டுகளைக் கழற்றிவிட்டேன். ராயல் பாமின் முட்டுகளை அடுத்த கத்திரிவரை விட்டுவைக்கப்போகிறேன். பட்டினி கிடந்த மாதங்களில் உருவான தண்டுப் பகுதி ஒடுங்கலாகவே நிற்கும் என்பதால், அந்த மரத்துக்கு இனி ஓர் இடுப்பு இருக்கும்.