லைட் பாக்ஸ் மேல் ஒரு கணினி உலகம்: 'டிரான்' படத்தை மறுபடி பார்க்கும் முன்

ரோட்டோ (உருவங்களின் விளிம்பை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), காம்ப் (பிரித்தவற்றை ஒன்றாக ஒட்டுவது) என்று விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலையில் இருப்பவர்களிடம் 1982இல் வந்த டிஸ்னி படமான 'டிரான்' பற்றிக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல செஞ்ச முதல் படம்தானே?" என்பார்கள். அது பாதிகூட உண்மை இல்லை. 96 நிமிடப் படத்தில் கணினி வரைந்தது 15 முதல் 20 நிமிடம்தான். கணினிக்குள் நடப்பதாக வரும் மற்ற காட்சிகள், நடிகர்கள் உடம்பில் ஓடும் நீலச் சிவப்பு ஒளிக்கோடுகள் உட்பட, கைவேலை. லைட் பாக்ஸ் (அடியிலிருந்து ஒளி வரும் மேசை) மேல் குனிந்து உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாகச் செய்தது. இரண்டாம் பாகமான 'டிரான்: லெகசி' 28 ஆண்டு கழித்து, 2010 டிசம்பர் 17 அன்றுதான் வந்தது. அதைப் பார்க்கும் முன் முதல் படத்தை எடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு, குறிப்பாக நம் தொழிலில் இருப்பவர்களுக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இது.

ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்வோம். முழுக்கக் கறுப்பு அடித்த செட்டில், கறுப்புக் கோடு போட்ட வெள்ளை உடையில் நடிகர் நிற்கிறார். கேமராவில் ஓடுவது 65 மி.மீ. கறுப்பு வெள்ளை ஃபிலிம். அவ்வளவு பெரிய ஃபிலிம் எதற்கு என்றால், அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு ஃப்ரேமையும் என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்கியாக வேண்டும். 35 மி.மீ.யாக இருந்தால் அந்த அளவுக்குப் பெரிதாக்கும்போது கிரெய்ன், அதாவது ஃபிலிமின் புள்ளிப்புள்ளியான பொரி, வந்து படத்தை மூடிவிடும். பெரிதாக்கிய படம் கோடாலித் என்ற ஃபிலிம் தாளில் விழும். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் பிளேட் போடப் பயன்பட்ட லித் ஃபிலிமைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதில் சாம்பல் நிறம் என்பதே கிடையாது. ஓரிடம் அடர்ந்த கறுப்பாக இருக்கும், இல்லையென்றால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். முதலில் நெகட்டிவ் தாள், அதிலிருந்து பாசிட்டிவ் தாள். அதன்மேல் தெளிவான செல் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றை வைத்து, ஒளி வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கையால் கறுப்பாக்க வேண்டும். உடையின் கோடுகளுக்கு ஒரு செல், முகத்துக்கு வேறொரு செல். இன்று நாம் கணினியில் ஸ்ப்லைன் என்ற வளைகோடு போட்டு எடுக்கிற மேட் (எந்த இடம் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம்) இதுவேதான். வித்தியாசம், அவர்களுக்கு இன்டர்போலேஷன் கிடையாது. பத்து ஃப்ரேமுக்கு ஒரு கீ வைத்துவிட்டு நடுவில் உள்ளதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது.

இப்படித் தயாரான தாளும் செல்லும் லைட் பாக்ஸ் மேல் போகும். மேலே ஒரு கேமரா. நிற ஃபில்டர் போட்டு ஒரு எக்ஸ்போஷர். பிறகு ஃபிலிமை அதே ஃப்ரேமுக்குத் திரும்பக் கொண்டுவந்து, அடுத்த செல், அடுத்த ஃபில்டர், அடுத்த எக்ஸ்போஷர். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு பாஸ். சாதாரண ஷாட்டுக்கு 12 பாஸ். எலக்ட்ரானிக் டாங்க் என்ற பீரங்கி வண்டியின் உட்புறக் காட்சிகளில் 50 வரை போயிருக்கிறது. 12 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நொடிக்கு 288 எக்ஸ்போஷர், ஒரு நிமிடத்துக்கு 17,280. பதினோராவது பாஸில் செல் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டால் முன்னால் எடுத்த பத்தும் வீண். ஒளி அடியிலிருந்து வருவதால் கறுப்பில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் அது நட்சத்திரமாக எரியும். அச்சகத்தில் நெகட்டிவைப் பிளேட்டுக்குக் கொடுக்கும் முன் தூரிகையில் மையைத் தொட்டு ஒவ்வொரு துளையாக அடைப்பார்களே, அதே வேலைதான் இங்கேயும். அங்கே ஒரு பக்கத்துக்கு ஒரு தாள். இங்கே நொடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு கட்டுத் தாள்.

இந்த வேலையில் நடந்த ஒரு பிழை படத்திலேயே பதிந்துவிட்டது. பழைய பிரதிகளில் நடிகர்களின் ஒளிக்கோடுகள் இடையிடையே துடிக்கும். இந்தப் படத்துக்கென்றே பெரிய அளவில் செய்துகொடுத்த கோடாலித் தாள்களைக் கோடாக் நிறுவனம் எண் போட்ட பெட்டிகளில் அனுப்பியது. தயாரான வரிசையிலேயே எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண். படக்குழுவுக்கு அது புரியவில்லை. கைக்கு வந்த பெட்டியைத் திறந்து பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஃபிலிமின் வேகம், அதாவது அது ஒளியைப் பதிக்கும் வேகம், சற்றே மாறும். சாதாரண ஃபிலிமில் இது ஒரு மெல்லிய வெளிச்ச மாற்றமாகப் போய்விடும். லித் ஃபிலிமிலோ நடு நிறமே இல்லாததால், வேகம் கொஞ்சம் கூடினாலும் கறுப்புக்கும் தெளிவுக்கும் நடுவிலுள்ள எல்லையே நகரும், கோடு தடிக்கும் அல்லது மெலியும். அடுத்தடுத்த ஃப்ரேம்கள் வேறுவேறு பெட்டியிலிருந்து வந்தால் கோடு துடிக்காமல் என்ன செய்யும்? காரணம் தெரிந்த பிறகு வரிசைப்படி எடுத்தார்கள், துடிப்பு நின்றது. ஏற்கெனவே எடுத்த காட்சிகளைத் திரும்பச் செய்ய வழியில்லை. அந்த இடங்களில் சொடுக்கும் மின் ஒலியைச் சேர்த்து, கணினி உலகமே தடுமாறுவதாகக் காட்டிவிட்டார்கள்.

ரோட்டோவில் எட்ஜ் சாட்டர் (விளிம்பு நடுங்குவது) வந்து ஷாட் திரும்பி வரும்போது நாம் தேட வேண்டியதும் இதே மாதிரியான காரணத்தைத்தான். கோட்டை மட்டும் சரிசெய்தால் போதாது. எந்த ஃப்ரேமில் யார் எந்த அளவுகோலில் வரைந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே ஷாட்டை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒருவர் மோஷன் பிளரின் (அசைவால் வரும் மங்கலின்) உள்விளிம்பில் வரைந்திருப்பார், இன்னொருவர் வெளிவிளிம்பில் வரைந்திருப்பார். சேரும் இடத்தில் துடிப்பு வரும்.

கணினி செய்த பகுதிக்கு வருவோம். நான்கு நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டன. நியூயார்க் மாநிலத்தில் எல்ம்ஸ்ஃபோர்டில் இருந்த மேகி நிறுவனத்துக்கு லைட் சைக்கிள் என்ற மோட்டார் சைக்கிள், டாங்க் காட்சிகள். கோளம், உருளை, பெட்டி போன்ற திட வடிவங்களைக் கூட்டியும் கழித்தும் உருவம் செய்வது அவர்கள் முறை. அந்த வண்டிகள் அவ்வளவு வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கலிஃபோர்னியாவின் டிரிபிள்-ஐ நிறுவனம் தட்டையான பலகோணத் துண்டுகளை இணைக்கும் பாலிகன் முறையில் வேலை செய்தது, சிக்கலான வடிவங்கள் அவர்கள் பக்கம் போயின. அவர்கள் பயன்படுத்திய ஃபூன்லி கணினியின் நினைவகம் 2 எம்.பி., சேமிப்பு 330 எம்.பி.க்குள். இன்று நாம் வேலை செய்யும் இஎக்ஸ்ஆர் கோப்பில் ஒரே ஒரு முழு ஃப்ரேம்கூட பொதுவாக அந்த நினைவகத்தில் அடங்காது.

அசைவு கொடுத்த விதத்தைத்தான் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் கணினிகளுக்கு ஒரு நிலையான படத்தை உருவாக்கத் தெரியும், அதைத் தானாக நகர்த்தத் தெரியாது. ஒரு லைட் சைக்கிள் ஒரு ஃப்ரேமில் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண், எந்தப் பக்கம் திரும்பிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல மூன்று எண், ஆக ஆறு. நான்கு நொடிக்கு 96 ஃப்ரேம். ஆறால் பெருக்கினால் 576. நான்கு நொடிக்குச் சுமார் 600 எண் என்று அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு இங்கிருந்து வருவதுதான். அதுவும் ஒரு பொருளுக்கு மட்டும். கேமராவும் நகர்ந்தால் அதற்குத் தனி எண்கள். எல்லாவற்றையும் கையால் உள்ளிட்டார்கள்.

சரிபார்ப்பது அதைவிடப் பெரும்பாடு. எல்ம்ஸ்ஃபோர்டில் ஃபிலிமில் எடுத்து, பர்பாங்கில் இருந்த டிஸ்னி ஸ்டூடியோவுக்கு அனுப்பி, திருத்தம் வாங்கி, மறுபடி செய்ய வேண்டும். பிறகு இரு ஊர்க் கணினிகளையும் இணைத்து, இறுதி செய்யும் முன் அங்கேயே திரையில் பார்க்கும்படி செய்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டரை முதல் ஐந்து நாள் மிச்சமானது. சென்னையில் உட்கார்ந்து கடல்கடந்த சூப்பர்வைசரோடு ஷாட் ரிவ்யூ செய்கிறவர்கள் தங்கள் அன்றாட வேலையின் ஆரம்பத்தை இங்கே பார்க்கலாம்.

நினைவகம் போதாததால் தூரத்துப் பொருள்களை விவரமாக வரைய முடியாது. ஆகவே தொலைவு கூடக்கூடக் கறுப்பைக் கலந்து மறைத்தார்கள். "சந்தேகமா, கறுப்பாக்கிவிடு" என்ற பொருளில் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் ரிச்சர்ட் டெய்லர் குழுவுக்குச் சொன்ன ஒரு வரி பிரபலம். நம் கருத்தில் இந்தப் படம் தாங்கி நிற்பதற்கு முக்கியக் காரணமே அந்தக் கறுப்புதான். இல்லாததை இருப்பதாகக் காட்ட அவர்கள் முயலவில்லை. லைட் சைக்கிள் ஓடும் தளத்தின் விளிம்பில் என்ன இருக்கிறது என்று படம் சொல்வதே இல்லை, பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்கிறது.

மூடிய லைட் சைக்கிளும் அப்படிப் பிறந்ததுதான். வண்டியை வடிவமைத்த சிட் மீட் முதலில் வரைந்ததில் ஓட்டுபவர் வெளியே தெரிவார். நடிகரையும் கணினி வண்டியையும் ஓடும் ஷாட்டில் ஒட்ட அன்று வழியில்லை. எனவே மேலே மூடி போட்டு ஆளை உள்ளே தள்ளினார்கள். படம் முழுக்க இந்தப் பிரிவினையைப் பார்க்கலாம். ஆள் இருக்கும் ஷாட்டில் கேமரா பெரும்பாலும் ஆடாமல் அசையாமல் நிற்கும், ஆள் இல்லாத ஷாட்டில் பறக்கும். 2010இல் வந்த வண்டியில் ஓட்டுபவர் வெளியே தெரிகிறார்.

மேகியில் அப்போது வேலை செய்த கென் பெர்லினுக்கு, தாங்கள் செய்த பரப்புகள் எல்லாம் இயந்திரத்தில் வார்த்தது போல இருக்கின்றனவே என்ற குறை இருந்தது. அந்தக் குறையிலிருந்து 1983இல் பிறந்ததுதான் பெர்லின் நாய்ஸ், பரப்புகளுக்கு இயற்கையான ஒழுங்கின்மையைக் கொடுக்கும் கணித முறை. 1997இல் அதற்கு ஆஸ்கர் தரும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. நெருப்பு, மேகம், துரு, மணல் என்று இன்று எந்தப் பரப்பைத் தொட்டாலும் அது உள்ளே இருக்கிறது. 'டிரான்' படத்துக்கு அந்த ஆண்டு உடையலங்காரத்துக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் பரிந்துரைகூட இல்லை. கணினியைப் பயன்படுத்தியதையே ஏமாற்று வேலையாக அகாடமி நினைத்தது என்று இயக்குநர் ஸ்டீவன் லிஸ்பெர்கர் பின்னாளில் சொன்னார். மேலே சொன்ன 12 பாஸ் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் இது நெஞ்சில் தைக்கிறது.

கதையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஜெஃப் பிரிட்ஜஸ் இதில் ஃப்ளின் என்ற மனிதராகவும் குளு என்ற கணினி நிரலாகவும் வருகிறார். அந்தக் குளு தொடக்கத்திலேயே அழிந்துவிடும். இரண்டாம் பாகத்தில் வரும் குளு ஃப்ளின் புதிதாக உருவாக்கியது. இதைக் குழப்பிக்கொண்டால் பின்னது பாதி புரியாது.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது முகங்களைக் கவனியுங்கள். 1982இல் உடையின் ஒளி பக்கத்திலுள்ள கன்னத்தில் விழாது, தரையில் விழாது. அந்த ஒளி செட்டில் இல்லை, லைட் பாக்ஸில்தான் இருந்தது. 2010இல் உடையிலேயே எலக்ட்ரோலூமினசென்ட் விளக்குகளைப் பதித்து, லித்தியம் பேட்டரியை மறைத்து வைத்தார்கள். ஒளி தாடையில் ஏறுகிறது, கண்ணில் மின்னுகிறது. காம்பில் எத்தனை க்ளோ போட்டாலும் கிடைக்காதது இது. உடை விஷயத்தில் இரண்டாம் பாகத்துக்கே நம் ஓட்டு. அதில் குளுவுக்குக் கணினியில் செய்த இளமையான பிரிட்ஜஸ் முகம் வேறு கதை. நிற்கும்போது நம்ப வைக்கிறது, பேசினால் வாயைச் சுற்றியுள்ள தசை பின்தங்குகிறது. 1982இன் பாலிகன்களைவிட இந்த முகம்தான் இன்று பழசாகத் தெரிகிறது.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? 2011இல் வந்த ப்ளூ-ரே தெளிவானது, 65 மி.மீ.யின் 2.20:1 அகலம் முழுதாக இருக்கும். ஆனால் அதில் லிஸ்பெர்கர் கோடுகளின் துடிப்பையும் அதற்குப் போட்ட ஒலியையும் சரிசெய்துவிட்டார். அவர் முதலில் மனதில் கண்டது அதுதான் என்பதால் அது நியாயம். தொழிலில் இருப்பவர்கள் 2002இன் டிவிடியையும் தேடிப் பிடித்து ஒருமுறை பார்க்க வேண்டும். பெட்டி மாறிய இடங்கள் அதில் கண்ணுக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டாம். செல்களைக் கறுப்பாக்கியதில் பெரும்பங்கு தைவானில் இருந்த குக்கூஸ் நெஸ்ட் ஸ்டூடியோவினுடையது. சுமார் 200 பேர் மையும் தூரிகையுமாக இதில் வேலை செய்தார்கள். ரோட்டோ ஆட்களின் பெயர் கிரெடிட்டில் வருவது இன்றும் நிச்சயம் இல்லை, ஸ்டூடியோ பெயரோடு நின்றுபோகும் படங்கள் ஏராளம். 1982இன் இந்தப் படத்தில் கடைசி எழுத்துகள் மேலேறும்போது அந்தத் தைவான் தொழிலாளர்களின் பெயர்கள் வரும், அவர்களுடைய சீன எழுத்திலேயே.