ஜோன் சீனாவைப் பார்க்கப் போன கதை

"அடிபிடி பார்க்க விமானம் ஏற வேண்டுமா, தம்பி? மீன் சந்தைக்குப் போனால் போதாதா?" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மாமியோ நான் சீனாவுக்கே போகிறேன் என்று நினைத்து, அங்கே குளிருமா என்று விசாரித்தார்.

போனது ஹைதராபாத்துக்கு. 2023 செப்டெம்பர் 8, வெள்ளிக்கிழமை, கச்சிபௌலி உள்ளரங்கில் டபிள்யூ.டபிள்யூ.ஈ மல்யுத்த நிகழ்ச்சி. 2017 டிசம்பரில் டெல்லிக்கு வந்தவர்கள் அதன் பிறகு இந்தியப் பக்கம் ரசிகர்கள் முன் வரவே இல்லை. அமெரிக்க மல்யுத்த வீரர் ஜோன் சீனா இந்திய மண்ணில் மோதுவது அதுதான் முதல் தடவை. திருகோணமலைக்கு இதைவிடக் கிட்ட அவர் வரப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன்.

விசாவைவிட டிக்கெட்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. விற்ற தளம் இந்தியக் கைபேசி எண் கேட்டது. எண்ணை இரவல் வாங்கினால், என் வங்கி அட்டையை மூன்று முறை திருப்பி அனுப்பியது. கடைசியில் சென்னையில் இருக்கும் மச்சானிடம் கெஞ்சினேன். "எடுத்துத் தருகிறேன். ஆனால் இரண்டு எடுப்பேன், நானும் வருவேன்" என்றான். அப்போது இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம் காசு ஏறக்குறைய நான்கு. அவனிடம் விலை கேட்கும்போதெல்லாம் மனம் தானாக நான்கால் பெருக்கும்.

இ-விசாவை வீட்டிலிருந்தே விண்ணப்பித்தேன். படிவம் நீளம். அப்பாவும் அம்மாவும் பிறந்த ஊர், மதம், உடலில் தெரியும் அடையாளம், தாத்தா பாட்டி பாகிஸ்தானியரா என்பதுவரை கேட்கிறார்கள். நான் தடுக்கி விழுந்தது படத்தில். ஸ்டூடியோவில் எடுத்த வழக்கமான கடவுச்சீட்டுப் படம் நீள்சதுரம். அவர்களுக்கு வேண்டியது சரிசதுரம், வெள்ளைப் பின்னணி. மறுபடி போய் உட்கார்ந்தேன். "போன கிழமைதானே எடுத்தீர்கள், முகம் மாறிவிட்டதா?" என்றார் கடைக்காரர். இன்னொன்று: விசா கைக்கு வரும் முன்பே விமான டிக்கெட் வாங்கிவிட்டேன். அனுமதி வரும்வரை தூக்கம் இல்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ்ஸில் கட்டுநாயக்கா, விமானத்தில் சென்னை, மச்சானுடன் சார்மினார் விரைவு ரயிலில் ஹைதராபாத்தின் நாம்பள்ளி நிலையம். இதில் சொல்ல ஒன்றுமில்லை, முதுகுவலியைத் தவிர.

அரங்கு நான் நினைத்ததைவிடச் சிறியது. மலிவான இருக்கையிலும் வியர்வை தெரிந்தது. ஏழடி உயர இந்திய வீரர் ஷாங்கிக்காக முழு அரங்கும் கத்த, எதிராளி குந்தர் அவர் நெஞ்சில் உள்ளங்கையால் அறைந்தார். தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் பட்டாசு போல இருக்கும். நேரில் அப்படியில்லை, விடியற்காலையில் நம் கடற்கரையில் பெரிய சூரையைப் பலகையில் போடுவார்களே, அந்த ஈரமான சத்தம். அம்மா சொன்ன மீன் சந்தை சரியாகத்தான் இருந்தது.

முடிவு முன்பே எழுதியதுதானே என்று கேட்பவர்களுக்கு: கூத்தில் அருச்சுனன் வெல்வான் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய இருக்கிறோம்?

கடைசியில் எக்காளம் முழங்கியது. ஜோன் சீனா ஓடி வந்தார். முன்வரிசையெல்லாம் எழுந்து நின்றதால் முதல் அரை நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒரு தொப்பி மட்டும். பக்கத்தில் தெலுங்கு பேசிய ஒரு அப்பா, தன் மகனைத் தோளில் தூக்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஒரே சொல், "சீனா". அதையே இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். ஜோன் சீனாவும் சேத் ரோலின்ஸும் சேர்ந்து லுட்விக் கைசர், ஜொவானி வின்சி இணையை வென்றார்கள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபோது குரல் திரும்பியிருக்கவில்லை. "யார் வென்றது?" என்றார் அம்மா. ஜோன் சீனா செய்வதுபோல முகத்துக்கு நேரே கையை விரித்து ஆட்டிக் காட்டினேன்.

"ஈயா மொய்க்கிறது? முதலில் போய்க் குளி" என்றார்.