இரண்டாவது வாரத்தில் டச்சப் கேட்காதீர்கள்

டாட்டூ போட்ட அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம்தான். கறுப்பு அத்தனை கறுப்பாக இருக்கும், உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்கள். எனக்குப் போன் வருவது அடுத்த வாரம். “அக்கா, கலர் போயிடுச்சு.”

போகவில்லை. திருச்சியில் டாட்டூ போடுவதே தொழிலாகக் கொண்ட நான், இந்த ஒரு விஷயத்தை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பொறுமையாகச் சொல்வேன்.

ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை ஊசி இறங்கும். மை நிற்க வேண்டிய இடம் உள்தோல். ஆனால் போகிற வழியில் மேல்தோலிலும் கொஞ்சம் தங்கிவிடும். முதல் நாள் கண்ணில் படுவது இரண்டும் சேர்ந்த கறுப்பு. சுற்றிலும் சிவந்து வீங்கியிருப்பதால் கோடும் தடித்துத் தெரியும். சில நாளில் வீக்கம் வற்றி, அரிப்பு வந்து, மேல்தோல் உரிய ஆரம்பிக்கும். உரிகிற தோலில் மை ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் பயந்துபோகிறார்கள். அது எப்படியும் உதிர வேண்டிய மை. உள்தோலில் இருப்பதை உடம்பின் காவல் செல்கள் விழுங்கி வைத்திருக்கும். அவை செத்தாலும் புதிதாக வருகிற செல்கள் அதே மையை எடுத்துக்கொள்கின்றன என்று 2018இல் பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. டாட்டூ நிலைப்பதற்கு அது முக்கியமான காரணம்.

உரிந்து முடிந்ததும் வருகிற கட்டம்தான் மனதை உடைக்கும். அவசரமாக வளர்ந்த புதுத்தோல் இன்னும் சீராகியிருக்காது. வெளிச்சம் சிதறி, வெண்ணெய்த்தாளுக்கு அடியில் வைத்த படம் போல எல்லாம் மங்கலாக, பளபளவென்று தெரியும். நம் மாநிறத் தோலில் கோட்டோரம் கொஞ்சம் கருமையும் படரலாம், அது தெளிய மாதங்கள்கூட ஆகும். மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் முதல் நாள் பளிச்சுக்குத் திரும்பாது. ஆறிய பின் அவற்றை நம் தோலின் நிறத்தினூடாகத்தான் பார்க்கிறோம். இதை நான் ஊசி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மகள் பெயரை முன்கையில் போட்டுக்கொண்டார். அடுப்புச் சூடு, வியர்வை, போதாததற்கு வீட்டில் மஞ்சள் பூசச் சொல்லி வற்புறுத்தல். மஞ்சள் வேண்டாம், தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவவும் வேண்டாம் என்றேன். வாசனையில்லாத சோப்பால் கழுவி, ஒற்றியெடுத்து, களிம்பை மெல்லிசாகப் பூசினால் போதும். இரண்டாவது வாரம் டச்சப் கேட்டு, அதாவது மங்கிய இடத்தில் மறுபடி குத்தச் சொல்லிக் கெஞ்சினார். நான் சம்மதிக்கவில்லை. ஆறாத தோலில் திரும்பவும் ஊசி இறங்கினால் தழும்பு விழும். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால், பொருக்கைப் பிய்த்த ழகரச் சுழி ஒன்று மட்டும்தான் நிஜமாகவே வெளுத்திருந்தது. அதை மட்டும் நிரப்பினேன்.

நிறம் மங்கினால் காத்திருங்கள். ஆனால் நாளாக ஆகச் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ என்னைக் கூப்பிட வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.